பம்புக்கு வயர் இழுத்த கை

அந்தச் சிவப்புக் காருக்கு வயர் இழுத்தது நான். இதைச் சொல்ல ராஜபாளையத்தில் எனக்கு ஓர் இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தென்காசி சாலையில் என் அண்ணனுக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். கல்யாணம் ஆகும்வரை ஒரு மில்லில் மோட்டார் பராமரிப்பில் இருந்தேன். கல்யாணமான ஐந்தாவது வருஷம் வீட்டுக்காரர் இறந்துபோக, அண்ணன் வீட்டுக்கு வந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கடைக்குப் போனேன். கொஞ்ச நாளில் லாரி வயரிங், ஆல்டர்னேட்டர் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. வாடிக்கையாளரிடம் பேசுவதில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வயரைக் கையில் எடுத்தால் மட்டும் அவருக்குப் பொறுமை போய்விடும்.

காரின் சொந்தக்காரர் ஒரு மில் முதலாளியின் மகன். முப்பது வயதுகூட இருக்காது. வெளிநாட்டில் இன்ஜினியரிங் படித்தவர். எல்லோருக்கும் அவர் சின்ன முதலாளி. காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான் அது. அழுத்துகிற காற்று சூடாகிவிடும். அதைக் குளிர்விக்கத் தனியாகத் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைத் தள்ள ஒரு சின்ன பம்ப். அது போதவில்லை என்று பெரிய பம்பாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்.

பெரிய பம்ப் இழுக்கிற கரண்டைப் பழைய மெல்லிய வயர் தாங்காது. பேட்டரியிலிருந்து தடிமனான புது வயர் இழுத்து, நடுவில் பியூஸும், சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே சுவிட்சும் வைத்தேன். பழைய வயருக்கு ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும். சூடான இடங்களில் உறை போட்டேன், ஆடுகிற இடங்களில் கட்டினேன். மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

"இந்த வேல முடியட்டும்ட்டி. நீதான் செஞ்சேன்னு சின்ன முதலாளிகிட்ட நானே சொல்லுதேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை நான் செய்த எந்த வேலைக்கும் என் பேர் வந்ததில்லை. இதற்காவது வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

புதுச் சாமான் ஏறிய வண்டியைப் பூசை போடாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதலாளி வீட்டில் சொல்லிவிட்டார்கள். நல்ல நேரத்தில் சூடம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பிறகுதான் என்ஜின் உறும வேண்டும். என்ஜின் ஓடாமல் பழைய வயரில் கரண்ட் வராது. அதனால் ரிலேக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்து பம்பைச் சோதித்தேன். அழகாக ஓடியது. அண்ணன் அப்போது கடையில் இல்லை. சோழபுரத்தில் நின்றுபோன ஒரு டிராக்டரைப் பார்க்கப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பூச முடியுற வரைக்கும் நீ வீட்ல இருட்டி. அவிய வீட்டுப் பொம்பளையளும் வாராக. தப்பா நெனைக்காத."

நினைக்க என்ன இருக்கிறது? தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது. அது எனக்குப் பழகிப்போன ஒன்று.

"சரிண்ணே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. என்ஜின் ஓடுனாத்தான் பம்பு ஓடும். வெறும் சாவியப் போட்டுட்டு ஓடலையேன்னு நோண்டிராத."

"எனக்குத் தெரியாதாட்டி?"

அவருக்குத் தெரியவில்லை. பூசைக்கு முன்னால் ஒரு தடவை பம்ப் சத்தத்தைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சாவியைப் போட்டிருக்கிறார். சத்தமில்லை. என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வழியில்லை, எலுமிச்சை இன்னும் வைக்கவில்லை. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. என் ரிலேயைக் கழற்றிவிட்டு, சாவி போட்டதும் உயிர் வருகிற வேறொரு மெல்லிய வயரில் பம்பைச் சேர்த்திருக்கிறார். பியூஸ் போயிருக்கிறது. சிகரெட் பாக்கெட்டில் இருந்த வெள்ளித்தாளை பியூஸில் சுற்றிச் செருகியிருக்கிறார். பம்ப் ஓடியது. சூடம் ஏற்றினார்கள்.

வண்டி கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. தேரடியில் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது முன்னால் இருந்து புகை வந்தது. சின்ன முதலாளியின் அம்மா பூத்தட்டோடு நடுத்தெருவில் இறங்கி நின்றார்களாம்.

மதியம் காரைக் கட்டி இழுத்து வந்து கடையில் விட்டார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என்ஜின் மூடியைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். என் தடி வயர் இழுத்தது இழுத்தபடி சுத்தமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மெல்லிய வயர் உருகி, அண்டை வயர்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பியூஸைப் பிடுங்கினேன். வெள்ளித்தாள் கையோடு வந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"யாரு செஞ்ச வேல இது?" என்று சின்ன முதலாளி கேட்டார்.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. "என் தங்கச்சிதான் தம்பி செஞ்சா. நல்லாத்தான் செய்வா. ஆனா அவ கை பட்டிருக்கக் கூடாது. வீட்டுக்காரர் தவறிப்போன பிள்ளை. எம்புத்திதான் கெட்டுப்போச்சு."

வாய் கூசாமல் சொன்னார், அதுவும் என் மேல் இரக்கப்படுகிற குரலில். நான் பியூஸையும் வெள்ளித்தாளையும் கொண்டுபோய்ச் சின்ன முதலாளியின் உள்ளங்கையில் வைத்தேன். கழன்று கிடந்த என் ரிலேயைக் காட்டினேன். அவர் படித்தவர். குனிந்து பார்த்தார். விரலால் அந்தத் தாளைத் திருப்பினார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. அது முகத்தில் தெரிந்தது. அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"எனக்குப் புரியுதுக்கா. நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா அம்மா பயந்துட்டாங்க. இந்த தடவை அண்ணனே செஞ்சிரட்டும்."

அண்ணன் சொன்னதைவிட அது வலித்தது. தெரியாதவனோடு சண்டை போடலாம். தெரிந்தவனிடம் என்ன பேச?

அண்ணனால் அதைச் செய்ய முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். சின்ன முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கருகியதையெல்லாம் வெட்டியெடுத்து நானே மறுபடி இழுத்தேன். அண்ணன் டார்ச் பிடித்தார். "மன்னிச்சிருட்டி, அந்த நேரத்துக்கு வாயில அதான் வந்துச்சு" என்றார். "டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுண்ணே" என்றேன். கடையை விட்டுப் போய்விடலாம் என்று அன்று முழுக்க யோசித்தேன். எங்கே போக?

இரண்டாவது பூசைக்கும் வீட்டில்தான் இருந்தேன். வண்டிக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்கு ராசியான கை என்று பேராகிவிட்டது. அந்த மாதிரி வண்டிகள் இப்போது சேத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகின்றன. நான்தான் செய்கிறேன்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. கரண்டுக்கு யார் தாலியும் தெரியாது. ஆனாலும் சமீபத்தில் என்னிடம் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வண்டியிலும் எல்லா வயரையும் இழுத்து, கட்டி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு, பேட்டரியின் கடைசி முனையை மட்டும் நான் மாட்டுவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று அண்ணனைக் கூப்பிடுகிறேன். அப்படிச் செய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.