கார்த்திகேசு தாத்தாவுக்கு வேனில் ஓர் இடம்

புஷ்பலதா அக்கா பேஸ்புக்கில் ஒரு போஸ்ட் போட்டால் கிந்தா ஆறு நின்று வாசித்துவிட்டுத்தான் ஓடும். குனோங் ராபாட் மலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். மந்திரிமார் கோப்பியை ஆறவிட்டுவிட்டுக் கமெண்ட் எழுதுவார்கள்.

இப்படித்தான் தேவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் ஆறு லைக் விழும். அதில் ஒன்று அக்காவுடையது, இன்னொன்று தேவனுடையது.

அக்கா கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரம் வெட்டிய அவள் அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம், இலவச ஆபரேஷனுக்கு ஆள் எடுத்தார்கள். அறிவிப்பு தோட்ட ஆபீசுக் கதவில் மலாயில் ஒட்டியிருந்தது. லயத்து வீடுகளில் யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை மகளின் முகத்தைத் தடவித்தான் பார்த்தாள்.

கமுந்திங் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அக்கா இப்போது ஈப்போவில் ஒரு தொண்டுச் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தை நடத்துகிறாள். எதையும் தமிழில்தான் போடுவாள், எழுத்தைப் பெரிதாக வைத்து.

தேவன் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். பதினேழு வயது. சங்கத்துக்குப் படம் எடுத்து, தன் போனிலிருந்தே பக்கத்தில் போட வந்தவன், ஒரு நாள் வேடிக்கைக்குப் பொய்க் கணக்கு ஒன்றைத் திறந்தான். பழைய பல் டாக்டர் பலகையிலிருந்து ஒரு பெயர், இணையத்தில் கிடைத்த ஒரு வழுக்கைத் தலை. கமுந்திங் கார்த்திகேசு தாத்தா பிறந்துவிட்டார். சங்கத்தின் இலவசக் கண் முகாம் போஸ்டுக்கு முதல் கமெண்ட்: “கண் முகாமில் கோழிக்கறி உண்டா மகளே?”

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“பாத்தியாடா? கமுந்திங்லேர்ந்து ஒருத்தர் கேக்குறாரு. நம்மளயும் வாசிக்கிறாங்க லா.”

அந்த முகத்தைப் பார்த்தபின் தாத்தாவைச் சாகடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு போஸ்டுக்கும் தாத்தா வந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள், அக்கா சந்தோஷப்படட்டுமே என்று, “என் கண்ணையும் பார்ப்பார்களா?” என்று கேட்டு வைத்தார். அக்கா அன்றே நோட்டில் பெயர் எழுதிவிட்டாள். முகாமுக்குப் போகும் வேனில் பன்னிரண்டு இடம். பன்னிரண்டாவது கார்த்திகேசு.

முகாமுக்கு முதல் நாள் ராக்காயி வந்தார். மகனின் மோட்டார் சைக்கிளில் வந்தவர், மேசை விளிம்பைத் தடவித் தடவி உட்கார்ந்தார்.

“எடம் முடிஞ்சிருச்சும்மா. அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான்,” என்றாள் அக்கா.

“அதுக்குள்ள இதுவும் அவிஞ்சிரும் தாயி.” ராக்காயி வலக்கண்ணைத் தொட்டுக் காட்டினார். “பரவால்ல. முந்தி கேட்டவங்க போவட்டும்.” மகனோடு கிளம்பிப் போனார்.

தேவன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் மடித்து வைத்தான். இரண்டு முறை பேச வாயெடுத்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. லைன் ஸ்லோ.”

சொன்னால் ராக்காயிக்கு இடம் கிடைக்கும். ஆனால் அக்காவுக்குப் பதில் எழுதிய ஒரே வாசகர் இல்லாமல் போவார்.

“நாளைக்கு வேன் மொதல்ல கமுந்திங்தான் போவுது,” என்றாள் அக்கா. “தாத்தாவ ஏத்திட்டுத்தான் மத்தவங்க.”

அவன் வெளியே போய் நின்று போனில் அவசரமாகத் தட்டினான்: “மகளே, நான் வரவில்லை. என் இடத்தை ராக்காயிக்குக் கொடுத்துவிடு.”

உள்ளே வந்தபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலை இருக்கவேண்டிய இடத்தில் சங்கத்தின் தாமரைச் சின்னம் இருந்தது. கணக்கை மாற்ற மறந்து, சங்கத்தின் பெயரிலேயே எழுதியிருந்தான்.

அக்கா கார்த்திகேசுவை அடித்துவிட்டு ராக்காயி என்று எழுதினாள். ராக்காயியின் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு பழைய கமெண்டுகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தாள்.

“எல்லாமே நீதானா?”

தேவன் தலையாட்டினான்.

முதல் கமெண்டில் அக்காவின் விரல் நின்றது.

“நாளைக்கு நீ மோட்டர்ல பின்னாலயே வா. ஒவ்வொருத்தரையும் கையப் பிடிச்சு எறக்கி விடணும்.”

“சரிக்கா.”

“கோழிக்கறி கெடையாது, தாத்தா.”