நான்காவது சரணம்

அந்த அடக்கப் பாட்டில் மூன்று சரணங்கள்தான் இருந்தன. ஆனால் தேவானந்தம் ஐயர் கைப்பட எழுதிய தாளில், மூன்றாவதற்குக் கீழே 4 என்று எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

அந்தக் காலி இடம் ஃபிரெடியைக் குடைந்தது. தாம்பரம் சபையில் கீபோர்டு வாசிப்பவன் அவன்; கல்லறைக்குக் கீபோர்டு போகாது, அதனால் அடக்கப் பாட்டை அவன் கேட்டதில்லை. அங்கே போதகராக இருந்த ஐயர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவர் இயற்றிய இருபத்திரண்டு பாடல்களையும் புத்தகமாக்கும் பொறுப்பு அவனிடம். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐயரின் மனைவி ஈவ்லின் ஒன்றுதான் கேட்டிருந்தார்: “அடக்கப் பாட்டை மட்டும் அரைகுறையா போட்டுடாதப்பா. அவரைப் புதைக்கிறப்பவும் மூணோட நிறுத்திட்டாங்க.”

ஐயர் முதலில் ரயில்வேயில் குமாஸ்தா. முப்பத்தோரு வயதில் வேலையை விட்டு இறையியல் படிக்கப் போனார். கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் என்று ஒரே மொபெட்டில் ஊழியம் முடித்தார். பாட்டு எழுதியவருக்குப் பாட வராது. அவர் சுருதி சேர்ந்து பாடி யாரும் கேட்டதில்லை.

ஃபிரெடி சபையார் வீடு வீடாக அலைந்தான். பீர்க்கன்கரணையில் பென்னி பாடிக்காட்டிய நான்காவது சரணத்தில் தெருக்குழாயில் முதல் குடம் பிடிக்கும் ஒரு தாய் வந்தாள். வண்டலூரில் ஜாஸ்மின் பாடியதில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மெட்டு ஒன்றே, வரிகள் வேறு.

“எது சரி, அக்கா?”

“ரெண்டும்தான். இது எங்கப்பா அடக்கத்துக்கு எழுதினது. சவப்பெட்டி செய்ற அயூப் பாயைப் போய்க் கேளு, ஐயர் அங்க உக்காந்துதான் எழுதுவாரு.”

அயூப் பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.

“நான் அஞ்சரை அடியா, ஆறடியான்னு கேப்பேன். ஐயரு அந்த வூட்டு ஆளுங்களாண்ட ஒண்ணே ஒண்ணு கேப்பாரு. ‘காலைல எழுந்ததும் மொதல்ல இன்னா செய்வாங்க?’ன்னு. அப்புறம் இந்த ஸ்டூல்ல உக்காந்து எழுதுவாரு. சில நாள் பெட்டி ரெடியாயிடும், பாட்டு ஆவாது. ‘இன்னா ஐயரே, எல்லாரும் காத்துகினு கீறாங்க’ன்னு கத்துவேன்.”

“அவருக்கு யாரு எழுதினாங்க, பாய்?”

அயூப் இழைப்புளியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட பெட்டிதான் கேட்டாங்க, தம்பி.”

ஃபிரெடி நேராக ஈவ்லின் வீட்டுக்குப் போனான்.

“ஐயரம்மா, அவரு காலைல எழுந்ததும் மொதல்ல என்ன செய்வாரு?”

ஈவ்லின் சிரித்துவிட்டார். “இஸ்திரிதான். எனக்கு நர்ஸ் வேலை, ஆறு மணி ஷிஃப்ட். வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டு, காலைல தேச்சு வெப்பாரு. நான் ரிட்டயராகி பதினோரு வருஷம் ஆச்சு, அப்பவும் விடல. எங்கே போறதுக்கு இதுன்னா, ‘எங்கயாவது போவேல்ல’ம்பாரு.”

பாட்டே எழுதியறியாத ஃபிரெடி அங்கேயே உட்கார்ந்து நான்கு வரி எழுதினான். மூன்றை அடித்தான், மறுபடி எழுதினான். ஈவ்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“கஞ்சி போடுறதை விட்டுட்டியே.”

சேர்த்தான். அந்த மெட்டில் அவர் மெல்லப் பாடிப் பார்த்தார். முழுக்கப் பாடி முடித்தார்.

“நினைவு ஆராதனைல இதைப் பாடிடுவோம்” என்றான் ஃபிரெடி. “ புத்தகத்துல இதையே போட்டுடவா?”

“வேண்டாம். அவரு விட்ட மாதிரியே எண்ணைப் போட்டுக் காலியா விடு” என்றார் ஈவ்லின். “நாளைக்கு எனக்கும் எழுதணும்ல?”