முழு மயக்கம் கேட்டேன்

இன்று காலை எனக்கு மூலநோய் ஆபரேஷன். வீசிங் இருப்பதால் முழு மயக்கம் வேண்டாம், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும் என்றார் டாக்டர்.

"முழுசாவே குடுத்துருங்க சார்," என்று கெஞ்சினேன். வலிக்குப் பயந்து அல்ல. முழித்துக்கொண்டே அந்தக் கோலத்தில் கிடக்க வெட்கம்.

அவர் சம்மதிக்கவில்லை. குப்புறப் படுத்தேன். ஊசி குத்தியபோது வலித்தது, பிறகு அந்த இடம் மரத்துப்போனது.

தலைமாட்டில் நின்ற நர்ஸ் குனிந்தார். "சார், தெரியுதா? நத்தம் ஸ்கூல்ல உங்ககிட்ட ஏழாப்பு படிச்சேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"சங்கடப்படாதீங்க சார். முடியிற வரைக்கும் நான் இங்கிட்டேதான் நிப்பேன், அங்கிட்டுப் போகமாட்டேன்."

சொன்னபடியே நின்றார்.

இப்போது வார்டில் படுத்தபடி செல்போனில் இதைத் தட்டுகிறேன். பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து என்னை எழுந்து உட்காரச் சொல்லாதீர்கள்.