தோட்டத்துச் சுல்தானின் கையெழுத்து

ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டு ஒட்டோமான் கலையைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்ததன் பலன், ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் வாசலில் நான் பெயின்ட் வாளியோடு நிற்கிறேன்.

மாரியம்மன் கோயில் கூரை ஒழுகுகிறது. நாளை மறுநாள் திருவிழா. தோட்டத்து ஸ்டோரில் தகரம் கிடக்கிறது. தோட்ட மேலாளரான துரை கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். நேற்று ஊர் பார்க்க வந்த எனக்குத் தேநீர் தந்த கோயில் தலைவர் மாரிமுத்துவிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், துருக்கிச் சுல்தான்களின் கையெழுத்தை அரண்மனை ஓவியர்கள் பொன்னில் தீட்டிய கதையைச் சொன்னேன். அதில் மனம் குளிர்ந்துதான் சுல்தான்கள் பள்ளிவாசல்களாகக் கட்டித் தள்ளினார்கள் என்று கைச்சரக்கையும் சேர்த்தேன்.

"அப்ப நம்ம தொரைக்கும் போட்டுருவோங்க" என்றார் அவர்.

இப்போது கோயில் வளைவில், இரண்டு மயில்களுக்கு நடுவே, பழைய கடிதமொன்றைப் பார்த்து வரைந்த துரையின் கையெழுத்து மஞ்சள் பெயின்ட்டில் மின்னுகிறது. சுற்றியுள்ள பூங்கொடி என் கைவண்ணம்.

ஜீப் வந்து நிற்கிறது. துரை இறங்கி நெடுநேரம் அண்ணாந்து பார்க்கிறார். பாராட்டை ஏற்கும் முகத்தோடு நான் தொண்டையைச் செருமுகிறேன்.

"யாரு என் கையெழுத்த கள்ளமா போடப் பழகுறது?" என்று கத்திவிட்டு, கூட வந்த ஸ்டோர்க்காரர் பக்கம் திரும்புகிறார். "இனிமே என் கையெழுத்த மட்டும் பாத்து ஒண்ணும் குடுக்கக் கூடாது. நான் நாளைக்கு லீவுல போறேன், முடிஞ்சி வர்ற வரைக்கும் ஸ்டோர பூட்டு!"

ஜீப் போய்விடுகிறது. மாரிமுத்து என் கையிலிருந்து வாளியை மெல்ல வாங்கிக்கொள்கிறார்.

"அடுத்த வாட்டி வரும்போது, தகரம் குடுத்த சுல்தான் கதையா பாத்துக் கொண்டாங்கய்யா."