வாளியோடு வந்தவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த வாரம் நடந்தது இது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டிப் போனால் வருகிற சின்ன நகர் எங்களுடையது. நீளமாக ஒரே தெரு. தெருவின் ஒரு ஓரம் முழுக்க இடுப்பளவுக்கு மேல் ஆழமான சாக்கடை. அந்தச் சாக்கடை விளிம்பில்தான், கொட்டுகிற மழையில், ஒரு மனுஷியின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நான் குப்புறக் கிடந்தேன். தெரு நிறைய வீடுகள் இருந்தும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருக் கமிட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பெண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடுவோம். எரியாத தெருவிளக்குக்கு மனு கொடுத்தது, பட்டறைக்குப் போகிற லாரிகள் எங்கள் தெருவில் புகாமல் பேசி நிறுத்தியது, வேப்பங்கன்று நட்டது என்று உருப்படியாகச் சில வேலைகள் செய்திருக்கிறோம். அத்தனைக்கும் தலைவி, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா. தனியாக இருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரைக் கண்டாலே கொஞ்சம் எரிச்சல். நான் வீட்டில் தையல் தைக்கிறவள். தெருவில் ஒரு துண்டுத் துணி பறந்தால் போதும், வாசலில் வந்து நிற்பார். "இது உன்ற ஊட்டுத் துணிதான சாமி? சாக்கடைல போய் அடைச்சுக்குமல்ல?" என்பார். ரிட்டயர் ஆன மனுஷி நிம்மதியாக டி.வி. பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாதா என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன்.

அந்த அக்காவின் யோசனைதான் விசில். ஒருநாள் காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்துச் சங்கிலியை இரண்டு பேர் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே வீட்டுக்கு ஒன்று என்று சிவப்புக் கயிறு கட்டிய விசில் கொடுத்துவிட்டார் அக்கா. யாருக்கு என்ன ஆபத்து என்றாலும் நீளமாக ஊத வேண்டும், கேட்டவர்கள் போட்டது போட்டபடி வெளியே ஓடிவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஆரம்பத்தில் எல்லோரும் ஓடித்தான் வந்தோம். ஒரு தடவை சாரைப்பாம்பு. ஒரு தடவை, மாடியில் காயப்போட்ட வடகத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு அம்மா ஊதினார். இன்னொரு தடவை மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையில் யார் ஊதினார்கள் என்றே தெரியவில்லை. பிறகு பிள்ளைகள் கையில் விசில் போய்விட்டது. கிரிக்கெட்டில் அவுட் என்றால் விசில், அவுட் இல்லை என்றாலும் விசில். கொஞ்ச நாளில், விசில் கேட்டால் ஜன்னலை அடைத்துக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம். அக்கா ஒருவர்தான் தன்னுடையதை விடாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். எங்களுக்கு அது கேலியாகக்கூட இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு சில நாட்களாகக் குப்பை வண்டி வரவில்லை. பட்டாசுக் காகிதம், பலகாரப் பெட்டி, இலை என்று எல்லா வீட்டிலும் வாளி நிரம்பி வழிந்து நாறியது. பொறுக்க முடியாத புண்ணியவான்கள் சிலர் பையில் கட்டிச் சாக்கடையில் வீசிவிட்டார்கள். அதோடு அடைமழையும் பிடித்துக்கொண்டது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். ஆண்கள் பலரும் வேலைக்குப் போயாயிற்று. தண்ணீர் வாசற்படி ஏறுகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். ஒரு குடை, பிடிக்க ஆளில்லாமல் தெருவில் உருண்டு வந்தது. அது அக்காவின் நீலக் குடை என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டே குடை வந்த பக்கம் ஓடினேன்.

தெருக்கோடியில் சாக்கடை ரோட்டுக்கு அடியில் போகிற பாலத்து வாய்க்குப் பக்கத்தில், உள்ளே கிடந்தார் அக்கா. பாலத்து வாயில் குப்பைப் பைகள் அடைத்து, தண்ணீர் தாழ்வான வீடுகளுக்குள் போய்விடும் என்று, தனியாக ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு குத்திவிட வந்திருக்கிறார். கால் வைத்து நின்ற மூடுபலகை, கம்பி துருப்பிடித்த பழைய சிமெண்டுப் பலகை, உடைந்து சரிந்துவிட்டது. அவரும் விழுந்து, பலகை அவர் கால்மேல் விழுந்து பாலத்து வாயையும் அடைத்துக்கொண்டது. உட்கார்ந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் நின்றது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்து இழுத்தேன். அவர் போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"இழுக்காத சாமி! காலு மாட்டிக்கிச்சு. உன்னால ஆகாது, ஆளைக் கூப்புடு."

போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஓடலாம் என்று எழுந்தேன். எழுந்த அந்த நொடியில் அக்காவுக்கு மயக்கம் மாதிரி வந்து தலை சாய்ந்து, முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. பாய்ந்து குப்புற விழுந்து, கக்கத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். விட்டால் மூழ்கிவிடுவார். பிடித்துக்கொண்டே இருந்தால் ஆள் கூப்பிட முடியாது. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறது. கடவுளே, என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறாய் என்று வாய்விட்டே அழுதேன். தொண்டை கிழியக் கத்தினேன். தகர ஷீட்டுகளில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தார். "என்ற கழுத்துல விசில் கெடக்குது பாரு. ஊது."

கயிற்றைப் பல்லால் கவ்வி விசிலை வாயில் வாங்கினேன். சாக்கடைத் தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி நீளமாக ஊதினேன். நிறுத்தி மறுபடி ஊதினேன். மழையைக் கிழித்துக்கொண்டு போனது அந்தச் சத்தம். கேட்டிருக்கும், நிச்சயம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

கதவுகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் திறக்கவில்லை. ஒரு மாடி ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்தது. எனக்கு உயிர் வந்தது.

"எந்தப் பசங்கடா அது? மழையிலகூட ஒரு பக்கம் உட்கார மாட்டீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாவிகளா, இந்த மனுஷி உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்றுதானே இங்கே வந்து கிடக்கிறாள்! மறுபடி மறுபடி நீளமாகவே ஊதினேன். தண்ணீர் அக்காவின் தோளைத் தொட்டுவிட்டது. அவர் உதடு நீலமாகியிருந்தது. பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டே, "யாரும் வரலியா சாமி?" என்று கேட்டார்.

"வாராங்கக்கா, வாராங்க" என்று பொய் சொன்னேன். என் கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது.

அப்போது என் கண்ணெதிரே அந்தப் பைகள் மிதந்தன. ஒன்று அக்காவின் கன்னத்தில் வந்து இடித்தது. குப்பை! எங்கள் தெருவில் தினமும் ஒரு விசிலுக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். குப்பை வண்டிக்கார அம்மா ஊதுகிற விசில். நீளமாக ஊத மாட்டார், விட்டு விட்டு, குட்டையாக, அவசரப்படுத்துகிற மாதிரி ஊதுவார். அதைக் கேட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவருவோம். தவறவிட்டால் மறுநாள் வரை நாற்றம் நம் தலையில்தானே!

அதே மாதிரி ஊதினேன். குட்டை குட்டையாக, விட்டு விட்டு.

முதல் கதவு திறந்தது. இரண்டாவது, எதிர்வரிசையில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சாக்குப்பையைக் கவிழ்த்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, கையில் ஆளுக்கொரு குப்பை வாளியோடு தெருவே வெளியில் வந்து நின்றது. அந்த மாடி ஜன்னல் வீட்டுப் பெண் இரண்டு கையிலும் வாளியோடு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, வண்டி எங்கீங்க? இத்தன நாளா ஊடெல்லாம் நாத்தம், இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று சண்டைக்குத் தயாராக வந்தவள், என்னையும் எனக்குக் கீழே இருந்த தலையையும் பார்த்தாள். வாளிகள் இரண்டும் கை நழுவி விழுந்து உருண்டன.

"ஐயோ அக்காங்க! எல்லாரும் ஓடியாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் மழைகூட ஒரு நிமிஷம் அடங்கின மாதிரி இருந்தது.

வந்தவர்கள் நாலு பேர் பலகையைப் பிடித்து இழுக்கப் போனார்கள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு அதட்டல். வெளியூருக்கு லோடு ஏற்றி லைன் போய்விட்டு முதல் நாள்தான் வீடு திரும்பியிருந்த லாரி டிரைவர் ஒருவர். லுங்கியை மடித்துக்கட்டி, அவரும் வாளியோடுதான் வந்திருந்தார்.

"யாரும் இழுக்காதீங்க! பலகை பொரண்டா காலு நசுங்கிப்போயிரும். நான் ஜாக்கி எடுத்துட்டு வாரேன். அதுக்குள்ள தண்ணி ஏறாமப் பாத்துக்குங்க!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

தண்ணீர் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கையில் இருந்ததே அதற்கு உதவியது. மேட்டுப் பக்கம் நின்றவர்கள் கட்டிவைத்திருந்த குப்பைப் பைகளைச் சாக்கடைக்குள் குறுக்கே போட்டு அடைத்தார்கள். தண்ணீர் அங்கேயே தேங்கி, வழிந்து ரோட்டுக்குத் திரும்பியது. மற்றவர்கள் வாளியைத் தெருவிலேயே கவிழ்த்துவிட்டு, அதே வாளியால் அக்காவைச் சுற்றி நின்ற தண்ணீரை மொண்டு மொண்டு வீசினார்கள். மாடி ஜன்னல் பெண் சேலையோடு சாக்கடைக்குள் குதித்து, அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "உடுங்கக்கா, நான் புடிச்சுக்கறேன்" என்று அவள் என்னிடம் சொன்ன பிறகுதான் என் கையை எடுத்தேன். மடக்க முடியவில்லை.

தாடை வரைக்கும் வந்திருந்த தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை. டிரைவர் லாரி ஜாக்கியோடும் மரக்கட்டையோடும் இறங்கினார். பலகைக்கு அடியில் கட்டையை வைத்து, ஜாக்கியை நிறுத்தி, அதன் கைப்பிடியை மெதுவாக மேலும் கீழுமாக அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அக்கா முனகினார். பலகை ஒரு விரல்கடை எழும்பியது. இன்னும் கொஞ்சம். "இப்பத் தூக்குங்க!" என்றார். எத்தனை கை பிடித்ததோ தெரியாது, அக்கா வெளியே வந்துவிட்டார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்தக் குப்பைக்கு நடுவிலேயே அத்தனை பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் என் முறைக்கு நான் துணைக்கு இருந்த அன்று அக்கா கேட்டார்.

"ஏஞ்சாமி, நீளமா ஊதினப்ப ஒருத்தருமா வரல?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வரலீங்கக்கா" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. கால் உடைந்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

அவர் வாக்கரைப் பிடித்து நடந்து கூட்டத்துக்கு வர மார்கழி ஆகிவிட்டது. பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். கிழிக்கப் போகிறார், கிழிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இனிமே எந்த விசில் கேட்டாலும் வாங்க. நீளமோ குட்டையோ, அதப் பாக்காதீங்க. வாரப்ப வாளியோட வாங்க, ஒதவுது" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மாடி ஜன்னல் பெண் எழுந்து போய் அக்காவின் வாக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் நீளமாக விசில் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தெருவில் அத்தனை கதவும் திறந்திருந்தது. அத்தனை பேர் கையிலும் வாளி. பார்த்தால், பழைய குரங்கேதான், இந்தத் தடவை ஒரு வீட்டில் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. "அட இதுக்கா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொஞ்சம் நொண்டிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்த அக்கா, வாளியும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்து, சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

இப்போதும் தினமும் காலையில் குப்பை விசில் கேட்டால் நான் வண்டியைப் பார்ப்பதில்லை, எந்த வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.