எருமையின் மடியைச் சின்னதாக்கினேன்

தினமும் ஏதாவது ஒரு படம் வரைந்துவிடுவேன். நேற்று முட்டை அட்டை. அதற்கு முந்தின நாள் சர்ச் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள். இன்று வெண்ணந்தூர் பக்கம், வேப்பமரத்தடியில் கட்டியிருந்த எருமை.

முடிக்கப் போகும் நேரத்தில் எருமைக்குச் சொந்தக்கார அக்கா பின்னால் வந்து நின்றார்.

"அப்படியே நம்ம எருமைதானுங்க. ஆனா சாமி, மடியை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட்ருங்க."

"ஏனுங்கக்கா, இருக்கறபடிதானே போட்டிருக்கேன்?"

"அதுதான் பயமா இருக்குதுங்க. கன்னு போட்டு இப்பத்தான் பால் கூடியிருக்குது. நீங்க போன்ல போடுவீங்க, ஊரே பாக்கும். கண்ணு பட்டுப் பால் வத்திப்போச்சுன்னா?"

"வேணும்னா படத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சிரட்டுங்களா?"

"கருப்பு எருமை மேல மைப்பொட்டு வெச்சா யாருக்குத் தெரியும் சாமி?"



உருவப்படம் கேட்டு வருகிறவர்கள் நிறத்தைக் கூட்டச் சொல்வார்கள், முடியை அடர்த்தியாக்கச் சொல்வார்கள். இருக்கிற நல்லதைக் குறைத்துக் காட்டச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

கண்ணில் பட்டதை மாற்றி வரையக் கூடாது என்று எனக்கொரு பிடிவாதம் உண்டு. அதை விட்டுக்கொடுத்தால் எனக்குப் போவது ஒரு படம். அவர் பயம் பலித்தால் அந்த வீட்டுக்குப் போவது பால்.

ஈரத் தூரிகையால் மடியின் ஓரத்தைக் கரைத்துச் சுருக்கினேன்.

"இப்பச் செரிங்க" என்று சிரித்தார்.

படம் கீழே. 'சூப்பர்' என்று எழுதி அந்த அக்காவின் வயிற்றில் யாரும் புளியைக் கரைக்காதீர்கள். சுமார் என்று எழுதுங்கள். முதல் முறையாக மோசமான கமெண்ட்டுகளுக்காகக் காத்திருக்கிறேன்.