தேக்குத் தரைக் கல்யாணங்கள்

கல்யாண ஏற்பாட்டாளர் என்பவர், ரசத்தில் உப்புக் குறைந்தாலும் மாப்பிள்ளைக்கு மூக்கடைத்தாலும் முதலில் தேடப்படுகிறவர். எல்லாம் நன்றாக நடந்து முடிந்தால் ஒரு போட்டோவில்கூட இருக்கமாட்டார். ஓட்டல்களிலும் மண்டபங்களிலும் இந்த வேலை பார்த்து, அடுத்தவர் வீட்டுச் சம்பந்திகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் புலம்பலாம் என்றுதான்.

நான் வேலை பார்க்கும் ஓட்டல் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளியின் மாளிகை. சின்னக் குன்று, சுற்றிலும் மரங்கள், நடுக்கூடம் முழுக்கத் தேக்குத் தரை. தேக்கா கடைத்தெருவில் மாலை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினால் பூ வாடுவதற்குள் வந்துவிடலாம். மரபுடைமைக் கட்டடம் என்பதால் எதையும் தொடுவதற்கு முன் ஒருவரைக் கேட்க வேண்டும். அவர் லிம், எங்கள் பராமரிப்பு அதிகாரி. சின்ன வயதில் கப்பல் பட்டறையில் நம் ஆட்களோடு வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசுவார். அதில் அவர் அதிகம் பயன்படுத்தும் சொல் ‘வேணாம்’.

ஆணி

அந்தக் கூடத்தில் தமிழ்க் கல்யாணம் நடத்தலாம் என்று மேனேஜர் மிசஸ் டானிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியது நான்தான். முதல் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய சிராங்கூன் சாலையிலிருந்து முருகேசு வந்தார். மாவிலைத் தோரணத்தோடு ஏணியில் ஏறியவர் சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்த நொடியில், எங்கிருந்தோ லிம் வந்து கீழே நின்றார். ஆணி வேணாம். சரி, டேப் ஒட்டலாமா? டேப் வேணாம். பசை? பசையும் வேணாம். சுவரில் சாய்ந்து நிற்கும் வாழை மரம்கூட அவருக்கு வேணாம். கடைசியில் இரும்புச் சட்டம் ஒன்றைத் தனியாக நிறுத்தி, அதில் தோரணம் கட்டினோம்.

கூடத்துக்கு வெளியே நடையில் தோட்டத்து முதலாளி, அவர் மனைவி, பிள்ளைகள், குதிரை, அவர் செல்லமாக வளர்த்த நாய் என்று வரிசையாகப் பழைய படங்கள் மாட்டியிருக்கும். முருகேசு கிளம்பும்போது அவற்றையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு லிம்முக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: “ஏன்க்கா, இந்த வீட்டைக் கட்டின மனுஷன் மட்டும் ஆணி அடிக்காமலா இந்த நாயை மாட்டினாரு?”

ஆரத்தி

தீ மூட்டினால் புகை, புகை வந்தால் எச்சரிக்கை மணி. ஆகவே ஓமம் நடக்கும்போது கூடத்துப் புகைக் கருவிகளை அணைத்துவிட்டு, யாராவது தீயணைப்பானோடு மணமேடைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. லிம் அதை வேறு யாரிடமும் ஒப்படைக்கமாட்டார். எங்கள் ஓட்டலில் தாலி கட்டிக்கொண்டவர்களின் ஆல்பத்தைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் தம்பதிக்குப் பின்னால் சிவப்பு உருளையைப் பிடித்தபடி ஒரு சீனர் முறைத்துக்கொண்டிருப்பார்.

நெருப்பைச் சமாளித்தவர் தண்ணீரில் மாட்டினார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை, பொங்கோலில் இருந்து வந்த பெரிய அம்மாள், வாசலில் ஆரத்தி எடுத்தார். தட்டில் இருந்த மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரைப் புல்தரையில் ஊற்றும்படி தலைகீழாக நின்று சொல்லியிருந்தேன். பழக்கம் விடுமா? திரும்பிய வேகத்தில் முகப்பின் பழைய பூ ஓடுகள் மேல் கவிழ்த்துவிட்டார். லிம் துணியோடு ஓடிவந்து மண்டிபோட்டுத் துடைக்க, அத்தை கொஞ்சமும் அசராமல் அவரிடம், “அது கறை இல்லப்பா. பிள்ளைங்க மேல பட்ட கண்ணு கழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார். லிம் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண் கழிந்தது, கறை கழியவில்லை.

மறுநாள் மிசஸ் டான் எங்கள் இருவரையும் அந்த ஓட்டின் முன்னால் நிற்க வைத்தார். கோபக்காரர் இல்லை, அதனால்தான் பயமாக இருந்தது. எனக்கு இந்தக் கல்யாணங்கள்தான் வேலையே. லிம்முக்கு அந்தத் தரைதான் வேலையே. மிசஸ் டான் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இன்னொரு கறை விழுந்தா, கூடத்துல சடங்கு கிடையாது செல்வி. ராத்திரி டின்னர் மட்டும்தான்.”

முன்வரிசை விருந்தாளி

அதற்குப் பிறகு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பதற்றத்தில் ஒருநாள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மூதாட்டியை நான் கவனிக்கவில்லை. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் அலுவலகத்துப் பெரிய ஆள் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பேராசிரியை என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு அவருக்குச் சந்தனம் கொடுத்து, பூ வைத்துவிட்டு, அட்சதை போட வைத்து, இலையில் உட்கார வைத்துப் பாயசமும் ஊற்றினார்கள். அவர் உண்மையில் மேல்மாடி அறையில் தங்கியிருந்தவர். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறார்.

போகும்போது தாம்பூலப் பையில் இருந்த தேங்காயை எடுத்து, இதை இங்கேயே உடைத்துத் தர முடியுமா என்று லிம்மிடம் கேட்டார். தேக்குத் தரைமேல் தேங்காய்த் தண்ணீர் என்று நினைத்ததுமே லிம் முகம் வெளுத்துப் போய், அவரைக் கைத்தாங்கலாகத் தோட்டம்வரை அழைத்துப் போனார். உடைத்த மூடிகளை வாங்கிக்கொண்ட மூதாட்டி என் கையைக் குலுக்கிச் சொன்னார்: “உங்க ஓட்டல்ல இந்த நிகழ்ச்சிதான் ரொம்ப அருமை. நாளைக்கும் இதே நேரம்தானே?”

உட்லண்ட்ஸ் மேளம்

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வரவேண்டிய மேளக் குழு பாலத்தில் மாட்டிக்கொண்ட கதை உங்கள் எல்லாரிடமும் ஒன்று இருக்கும். என் கதையில் அவர்கள் வேன் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது, இங்கே ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கிறார். நான் யாரைப் பார்ப்பது? லிம்தான் தீயணைப்பானைக் கீழே வைக்காமல் ஒரு கையால், மேளக்காரரோடு நான் பேசிக்கொண்டிருந்த கைப்பேசியை வாங்கி, கூடத்து ஒலிபெருக்கியில் இணைத்தார். பாலத்தில் நின்ற வேனுக்குள்ளிருந்து கெட்டிமேளம் கொட்ட, இங்கே தாலி ஏறியது. இடையில் யாரோ ஹாரன் அடித்ததும் கேட்டது. அதையும் மங்கல ஒலியாக எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்கு லிம்மைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். வேணாம் வேணாம் என்று சொல்லிக்கொண்டே இந்த மனிதர் எங்கள் கல்யாணங்களுக்குள் எப்போது நுழைந்தார் என்று தெரியவில்லை. குழு வந்து சேர்ந்தபோது பந்தி முடிகிற நேரம். நாதஸ்வரக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு குறைபட்டுக்கொண்டார்: “பாலத்துல பைக்குல போறவங்க எல்லாம் கை தட்டினாங்க மேடம். உங்க கூடத்துலதான் ஒருத்தரும் தட்டின சத்தமே வரல.”

கரண்டி

பிறகு ஒருநாள் லிம் இரண்டு கோப்பியோடு என் அறைக்கு வந்தார். அவர் கோப்பி வாங்கிக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய ஒரே மகள் ஹுய் மின்னுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கார்த்திக், தமிழ்ப் பையன் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். சீன முறைப்படி தேநீர்ச் சடங்கு வராந்தாவில். தமிழ் முறைப்படி தாலி கட்டுவது கூடத்தில். அது மகளின் ஆசை. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு வந்து அந்தத் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் அவள்.

கார்த்திக்கின் அம்மா வசந்தா சடங்குகளை விளக்க வந்தார், ஹுய் மின்னும் கூட இருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய லிம், தாரை வார்ப்பதில் நின்றுவிட்டார். மாப்பிள்ளை கையில் பெண்ணின் கையை வைத்து, பெண்ணைப் பெற்றவர் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இதை அம்மா ஊற்றுவதா அப்பா ஊற்றுவதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எங்கள் ஐயர் அப்பாதான் என்றுவிட்டார். லிம் சடங்கைப் புல்தரைக்கு மாற்றலாம் என்றார். ஹுய் மின் அப்பாவையே பார்த்துக்கொண்டு, “உங்களுக்கு நானா, அந்தத் தரையா?” என்று கேட்டாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மிசஸ் டான் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும்தானே தெரியும். ஒரு தழும்பு விழுந்தால் அதை அவருக்குப் போய்ச் சொல்ல வேண்டியவரே லிம்தான்.

கடைசியில் லிம் மெதுவாக, “கரண்டியில கொஞ்சமா ஊத்தினா போதாதா லா?” என்று இந்த ஊர் வழக்கில் இழுத்தார். வசந்தா அம்மா சிரித்தார், ஆனால் விளையாட்டாக இல்லை: “சம்பந்தி, உங்க பொண்ணையே எங்களுக்குத் தர்றீங்க. அதைக் கரண்டியிலயா தருவீங்க?”

தாரை

கல்யாணத்தன்று லிம் பட்டு வேட்டியில் இருந்தார். விடிந்ததிலிருந்து மணமேடையைச் சுற்றித் தார்ப்பாய், அதற்கு மேல் பாய், அதற்கு மேல் பெரிய தாம்பாளம் என்று தரையைப் போர்த்தியிருந்தார். தீயணைப்பானைப் பிடிக்க ஆள் வேண்டுமே? பட்டுப் புடவையில் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில், லிம் நேரில் போய் அழைத்த விருந்தாளியாக மிசஸ் டான்.

ஐயர் கைகளைச் சேர்த்து வைத்து, ஊற்றுங்கள் என்றார். லிம் செம்பைச் சாய்த்தார், ஊற்றவில்லை. ஐயர் மறுபடியும் சொன்னார். மந்திரம் நின்றது, மேளம் நின்றது. செம்பின் வாயில் தண்ணீர் ததும்பிக்கொண்டு நிற்கிறது, லிம்மின் தலை குனிந்தபடி இருக்கிறது. தரையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். என் தோளில் கிடந்த துடைப்புத் துணியைச் சுருட்டித் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் தள்ளி, “ஊத்துங்க லிம், தரைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கிறேன்” என்று கிசுகிசுத்தேன். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். அது தரையில் இல்லை, மகளின் கையில் இருந்தது.

காலால் என் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி லிம் சொன்னார்: “தரை காஞ்சிடும் செல்வி. எனக்குத்தான் கொஞ்சம் டைம் வேணும்.”

நாய்

ஊற்றினார். செம்பில் இருந்தது மொத்தத்தையும் ஊற்றினார். தாம்பாளம் நிரம்பி, பாய் நனைந்து, தார்ப்பாயைத் தாண்டித் தேக்கில் ஓடியது. ஹுய் மின் அழுதாள், வசந்தா அம்மா அழுதார், தீயணைப்பானைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். லிம் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்த தழும்பு இருந்தது. லிம் நினைத்தால் மெழுகு போட்டு மறைத்திருக்கலாம். அவரே போய் மிசஸ் டானைக் கூட்டிவந்து காட்டினார். என் கல்யாணங்கள் அதோடு போயிற்று என்று நான் ஓரமாக நின்றேன். மிசஸ் டான் குனிந்து பார்த்தார். இது கறைதானே என்று கேட்டார். லிம் நேராக நின்று, “கறை இல்ல மேடம். பொண்ணைக் குடுத்திருக்கேன், அவ்வளவுதான்” என்றார். பொங்கோல் அத்தையின் அதே தோரணை.

மிசஸ் டான் கைப்பேசியை எடுத்து, முன்வரிசையிலிருந்து அவர் எடுத்த படத்தைக் காட்டினார். செம்போடு லிம், கீழே ஓடும் தண்ணீர். கூடத்தில் சடங்குகள் தொடரட்டும், இந்தப் படத்தையும் பெரிதாக்கி நடையில் முதலாளி குடும்பத்தோடு மாட்டுங்கள் என்றார். லிம் பழைய லிம்மாகி, சுவரை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்: “புதுசா ஆணி வேணாம் மேடம். அந்த நாயை இறக்கிட்டா போதும்.”

ஆக, என்னோடு சேர்ந்து புலம்புகிறவர்களே, அந்தப் படத்தில் லிம்முக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பது நான்தான் என்பதால், நம் தொழிலிலும் என்றைக்காவது ஒரு போட்டோவில் இடம் கிடைக்கும், என்ன, கையில் தீயணைப்பான் இருக்கும், ஆணி நாயினுடையதாக இருக்கும்.